லினக்ஸ் துவங்கும்போதே நெட்வொர்க்கும் எழ: ஸ்கிரிப்ட் எழுதும் முறை

ஐபி கட்டளையால் நீங்கள் கொடுக்கும் முகவரி, லினக்ஸின் மையமான கெர்னலின் நினைவில் மட்டுமே இருக்கிறது. வட்டில் எங்கும் எழுதப்படுவதில்லை. கணினியை அணைத்துப் போட்டால் முகவரி, வழித்தடம் எல்லாமே போய்விடும். அதனால்தான் தொடக்க ஸ்கிரிப்ட் தேவைப்படுகிறது. ஆனால் கையால் தட்டிய நான்கு வரிகளை அப்படியே ஒரு கோப்பில் ஒட்டிவிட்டால் அது தொடக்க ஸ்கிரிப்ட் ஆகிவிடாது. நீங்கள் தட்டும்போது கேபிள் செருகியிருக்கிறது, டிரைவர் ஏற்றப்பட்டிருக்கிறது, பிழை வந்தால் படிப்பதற்கு நீங்கள் இருக்கிறீர்கள். கணினி துவங்கும் நேரத்தில் இவற்றில் எதுவும் உறுதியில்லை. முன்னால் ஆளே இல்லாத கணினிக்காக எழுதுகிறோம் என்பதை நினைவில் வைத்தே ஒவ்வொரு வரியையும் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, நெட்வொர்க் கார்டின் (லினக்ஸ் மொழியில் இடைமுகம்) பெயரைத் தெரிந்துகொள்வது. 'ஐபி -பிஆர் லிங்க்' என்று தட்டுங்கள். ஒரு வரிக்கு ஓர் இடைமுகம் என்று சுருக்கமாகக் காட்டும். ஈத்0 என்ற பெயரை எதிர்பார்த்தவருக்கு இஎன்பி3எஸ்0 என்றோ இஎன்ஓ1 என்றோ வந்து நிற்கும். கணினியைத் துவக்கிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின், 2013 ஜனவரியில் வந்த 197ஆம் பதிப்பிலிருந்து இந்தப் பெயரிடும் முறை நடப்பில் இருக்கிறது. பழைய முறையில் கெர்னல் எந்தக் கார்டை முதலில் கண்டதோ அதுவே ஈத்0. இரண்டு கார்டு உள்ள சர்வரில் ஒரு துவக்கத்துக்கும் அடுத்த துவக்கத்துக்கும் இடையே பெயர்கள் இடம் மாறிக்கொள்ளும். உள் நெட்வொர்க்குக்கு எழுதிய விதிகள் வெளி நெட்வொர்க்கில் போய் உட்காரும். புதிய முறையில் பெயர் கார்டு செருகியிருக்கும் இடத்தைப் பொறுத்தது. படிக்க அழகில்லை, ஆனால் நிலையானது. 'நெட்.ஐஎஃப்நேம்ஸ்=0' என்று கெர்னலுக்குச் சொல்லிப் பழைய பெயரை மீட்கலாம் என்று பலர் ஆலோசனை தருகிறார்கள். ஒரே கார்டு உள்ள கணினியில் அதனால் தொல்லையில்லை. இரண்டு இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். எழுதுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே ஈத்0 என்றே குறிப்பிடுகிறேன். உங்கள் கணினி காட்டும் பெயரை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கோப்பைத் தொடுவதற்கு முன் கையால் செய்து பாருங்கள். இடைமுகத்தை எழுப்புவது, முகவரி கொடுப்பது, வழி சொல்வது என்ற வரிசை முக்கியம்.

ஐபி லிங்க் செட் ஈத்0 அப்
ஐபி அட்ரஸ் ரீப்ளேஸ் 192.168.10.5/24 டெவ் ஈத்0
ஐபி ரூட் ரீப்ளேஸ் டிஃபால்ட் வயா 192.168.10.1 டெவ் ஈத்0

இரண்டாவது வரியில் உள்ள /24 என்பதை (முகவரியில் எத்தனை பிட் நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்ற எண்) விட்டுவிட்டால் கட்டளை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும், ஆனால் முகவரியை /32 என்று வைத்துவிடும். உலகத்தில் தன்னைத் தவிர வேறு யாருமே பக்கத்தில் இல்லை என்று அந்தக் கார்டு நினைத்துக்கொள்ளும். அடுத்த வரியில் கேட்வேயை, அதாவது வெளியே போகும் வாசலைச் சொன்னால், செல்லாத கேட்வே என்று கெர்னல் மறுக்கும். கோளாறு முந்தைய வரியில் இருக்க, எல்லோரும் மூன்றாவது வரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பல கையேடுகளில் 'ஆட்' என்றுதான் இருக்கும். நான் 'ரீப்ளேஸ்' போடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் முகவரியை ஆட் மூலம் மறுபடி கொடுத்தால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்ற பிழையோடு கட்டளை தோற்கும். ரீப்ளேஸ் இல்லாவிட்டால் சேர்க்கும், இருந்தால் பேசாமல் போகும். தொடக்க ஸ்கிரிப்ட்டை இரண்டு முறை ஓட்டினாலும் ஒரே முடிவு வர வேண்டும். அந்தக் குணம் இல்லாத ஸ்கிரிப்ட்டை நான் எந்த சர்வரிலும் விட்டுவைப்பதில்லை.

ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையை இன்னும் விடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 1983இல் வந்த 4.2பிஎஸ்டி யுனிக்ஸ் காலத்தது. ஒரே கார்டில் ஐபி கட்டளையால் இரண்டாவது முகவரி சேர்த்தால், ஐஎஃப்கான்ஃபிக் பெரும்பாலும் முதல் முகவரியை மட்டுமே காட்டும். பார்வையே அரைகுறையாக இருக்கும் கருவியை வைத்துக்கொண்டு பிழை தேடுவது வீண் வேலை.

கையால் கொடுத்தது வேலை செய்கிறது என்றால், இதை நிரந்தரமாக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இந்தக் கணினியில் நெட்வொர்க்கை ஆள்வது யார்? ஆள் ஒருவர்தான் இருக்க வேண்டும். நெட்வொர்க்கை நிர்வகிக்கும் சேவைகளான நெட்வொர்க்மேனேஜர் ஒரு பக்கம், சிஸ்டம்டி-நெட்வொர்க்டி ஒரு பக்கம், உங்கள் ஸ்கிரிப்ட் ஒரு பக்கம் என்று மூவரும் ஒரே கார்டைப் பிடித்திழுத்தால், முகவரி வரும், சிறிது நேரத்தில் மாறும், பிறகு காணாமல் போகும். 'சிஸ்டம்சிடிஎல் ஈஸ்-ஆக்டிவ்' என்று தட்டி, பக்கத்தில் நெட்வொர்க்கிங், சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, நெட்வொர்க்மேனேஜர் ஆகிய பெயர்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். கடைசிப் பெயரில் ஆங்கில என், எம் இரண்டும் பெரிய எழுத்து.

டெபியன் சர்வரில் பெரும்பாலும் ஐஎஃப்அப்டவுன் என்ற பழைய முறையே இருக்கும். உபுண்டு 2017 அக்டோபரில் வந்த 17.10 பதிப்பிலிருந்து நெட்பிளான் என்ற அமைப்புக் கருவிக்கு மாறிவிட்டது. ரெட் ஹேட் குடும்பத்தில் ஐஎஃப்சிஎஃப்ஜி என்று தொடங்கும் கோப்புகளும் நெட்வொர்க்-ஸ்கிரிப்ட்ஸும் நெடுங்காலம் கோலோச்சின. 8ஆம் பதிப்பில் அவை கைவிடப்படப் போவதாக அறிவிக்கப்பட்டன, 2022இல் வந்த 9ஆம் பதிப்பில் அந்த ஸ்கிரிப்ட் தொகுப்பே நீக்கப்பட்டது. அங்கே நெட்வொர்க்மேனேஜரோடு ஒத்துப்போவதே புத்திசாலித்தனம். ஸ்லாக்வேரில் ஆர்சி.ஐநெட்1 என்ற ஒற்றை ஷெல் ஸ்கிரிப்ட் இன்றும் அந்த வேலையைச் செய்கிறது. தொடக்க ஸ்கிரிப்ட் எப்படி எழுதப்படுகிறது என்று கற்க விரும்புகிறவர் அதை ஒருமுறை திறந்து மேலிருந்து கீழ்வரை படிக்கலாம்.

ஐஎஃப்அப்டவுன் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு இதில்தான் இடம் அதிகம். கோப்பு, /எட்சி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ். அதில் இப்படி எழுதுங்கள்:

ஆட்டோ ஈத்0
ஐஃபேஸ் ஈத்0 ஐநெட் ஸ்டேட்டிக்
    அட்ரஸ் 192.168.10.5/24
    கேட்வே 192.168.10.1

இதற்கு மேலே எல்ஓ என்ற பெயரில் இரண்டு வரி ஏற்கெனவே இருக்கும். அது 127.0.0.1 முகவரியுள்ள உள்வளையம். தேவையில்லை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். தன்னோடு தானே பேசிக்கொள்ளும் பல சேவைகள் அதை நம்பியிருக்கின்றன.

'ஆட்டோ' என்றால் துவக்க நேரத்தில் 'ஐஎஃப்அப் -ஏ' ஓடும்போது இந்தக் கார்டையும் எழுப்பு என்று பொருள். அந்த நேரத்தில் கார்டு இல்லாவிட்டால் தோல்விதான். அதற்குப் பதிலாக 'அலவ்-ஹாட்பிளக்' என்று எழுதினால், கெர்னல் கார்டைக் கண்ட பிறகு, சாதனங்களைக் கவனிக்கும் யுடெவ் எழுப்பும். யுஎஸ்பி கார்டுகளுக்கு இதுவே சரி. மதர்போர்டில் பதிந்த கார்டுக்கு ஆட்டோ போதும். அது எழுந்த பிறகே மற்றச் சேவைகள் தொடங்கும் என்பதால் வரிசையும் ஒழுங்காக இருக்கும்.

உங்கள் சொந்தக் கட்டளைகளை அதே பத்தியில் ப்ரீ-அப், அப், டவுன், போஸ்ட்-டவுன் என்ற சொற்களால் தொடங்கும் வரிகளாகச் சேர்க்கலாம். ஃபயர்வால் விதிகளை ப்ரீ-அப்பில் போடுங்கள், முகவரி வரும் முன்பே காவல் நிற்கட்டும். கூடுதல் வழித்தடங்கள் அப்பில். ஆனால் அப் வரியில் உள்ள கட்டளை தோற்றால், கார்டு உண்மையில் எழுந்திருந்தாலும் ஐஎஃப்அப் அதை 'எழுந்தது' என்று குறித்துக்கொள்ளாது. பிறகு ஐஎஃப்டவுன் கொடுத்தால், இது எழவே இல்லையே என்று கையை விரிக்கும். தோற்றாலும் பரவாயில்லை என்ற வகைக் கட்டளைகளின் இறுதியில் இரட்டைச் செங்குத்துக் கோடும் 'ட்ரூ' என்ற சொல்லும் சேர்த்துவிடுங்கள்.

வரிகள் நீண்டுவிட்டால் தனி ஸ்கிரிப்ட்டாக எழுதி /எட்சி/நெட்வொர்க்/ஐஎஃப்-அப்.டி என்ற அடைவில் வைக்கலாம். இங்கேதான் ஆட்களைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் வேடிக்கை ஒன்று இருக்கிறது. அந்த அடைவில் உள்ளவற்றை ஓட்டுவது ரன்-பார்ட்ஸ் என்ற கருவி. பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு, இணைப்புக்கோடு தவிர வேறு எதுவும் இருந்தால் அது அந்தக் கோப்பை ஒதுக்கிவிடும். அதாவது 'ரூட்ஸ்.எஸ்எச்' என்று புள்ளி வைத்துப் பெயரிட்ட ஸ்கிரிப்ட் ஒருநாளும் ஓடாது. பிழைச் செய்தியும் வராது. 'ரூட்ஸ்' என்று மட்டும் பெயரிட்டு, ஓடும் அனுமதி கொடுத்து, 'ரன்-பார்ட்ஸ் --டெஸ்ட்' என்று அடைவின் பெயரோடு தட்டிப் பாருங்கள். பட்டியலில் உங்கள் கோப்பு இருந்தால்தான் ஓடும்.

இன்னொன்று, இந்த ஸ்கிரிப்ட் உங்கள் கார்டுக்காக மட்டும் ஓடுவதில்லை. எல்ஓ எழும்போதும் ஓடும். 'ஐஎஃப்அப் -ஏ' நேரத்தில் '--ஆல்' என்ற பெயரோடு தனியாகவும் ஒருமுறை ஓடும். எந்த இடைமுகத்துக்காக அழைக்கப்பட்டது என்பது ஐஃபேஸ் என்ற மாறியில், பெயர் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், வந்து சேரும். ஸ்கிரிப்ட்டின் முதல் வேலையாக அதைச் சோதித்து, ஈத்0 இல்லையென்றால் 'எக்ஸிட் 0' என்று வெளியேறிவிடுங்கள்.

நெட்வொர்க்மேனேஜர் உள்ள கணினியிலும் இதே வசதி உண்டு. /எட்சி/நெட்வொர்க்மேனேஜர் அடைவுக்குள் டிஸ்பேச்சர்.டி என்று ஓர் உள்ளடைவு இருக்கிறது. அதில் வைத்த ஸ்கிரிப்ட்டுக்கு முதல் அளவுருவாக இடைமுகத்தின் பெயரும் இரண்டாவதாக அப், டவுன் போன்ற நிகழ்வும் வரும். கோப்பின் உரிமையாளர் ரூட் என்ற நிர்வாகிப் பயனராக இருக்க வேண்டும், மற்றவர் எழுத முடியாதபடி இருக்க வேண்டும். இல்லையேல் அது தொடாது.

இனி எந்த மேலாளரும் இல்லாமல் முழுக்க உங்கள் ஸ்கிரிப்ட்டே ஆளும் நிலை. சிறிய கருவிகளிலும், ஆய்வுக்கூட இயந்திரங்களிலும், ஒரே வேலைக்கென்று ஒதுக்கிய சர்வர்களிலும் எனக்குப் பிடித்தது இதுதான். /யுஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின்/நெட்-அப் என்று ஒரு கோப்பை உருவாக்குங்கள். முதல் வரியில் ஹாஷ், வியப்புக்குறி, /பின்/எஸ்எச். விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த கோப்பாக இருந்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு வரும்; அதனால் ஷெல் கிடைக்கவில்லை என்று துவக்கத்திலேயே படுத்துவிடும். லினக்ஸிலேயே எழுதிவிடுங்கள். ஐபி என்று வெறுமனே எழுதாமல், 'கமாண்ட் -வி ஐபி' காட்டும் முழுப் பாதையை எழுதுங்கள். துவக்க நேரத்தின் தேடல் பாதை உங்கள் முனையத்தில் இருப்பது போலவே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

அடுத்து, இடைமுகத்தை எழுப்பிவிட்டுக் கேபிளில் உயிர் வரும்வரை காத்திருக்க வேண்டும். /சிஸ்/கிளாஸ்/நெட்/ஈத்0/கேரியர் என்ற கோப்பில் 1 இருந்தால் மறுமுனை விழித்திருக்கிறது, 0 என்றால் இல்லை. இந்தக் கோப்பை, இடைமுகத்தை எழுப்பும் முன்பு படித்தால் 0 கூட வராது, தவறான அளவுரு என்ற பிழைதான் வரும். ஆகவே முதலில் 'ஐபி லிங்க் செட் ஈத்0 அப்', பிறகு ஒரு நொடிக்கு ஒருமுறை படிக்கும் சுற்று. சுற்றுக்கு எல்லை வையுங்கள். நான் 40 நொடி வைப்பது வழக்கம். நெட்வொர்க்கில் சுற்றுப்பாதை உண்டாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ ஓடும் சுவிட்சுகளில், கேபிளில் உயிர் வந்த பிறகும் பழைய 802.1டி முறைப்படி கேட்பதற்கு 15 நொடி, கற்பதற்கு 15 நொடி என்று அரை நிமிடம் எந்தப் பொட்டலமும் போகாது. கேரியர் 1 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே, முகவரியைத் தானாக வாங்கித் தரும் டிஹெச்சிபி தோற்றுப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சுவிட்ச் உங்கள் கையில் இருந்தால் அந்தப் போர்ட்டை விளிம்புப் போர்ட்டாக (மறுமுனையில் இன்னொரு சுவிட்ச் இல்லாதது) அறிவித்துவிடுங்கள். இல்லையென்றால், கேரியர் வந்த பின் கேட்வேக்கு ஒரு பிங் போய்வரும்வரை இன்னொரு சுற்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

காத்திருந்தும் கேரியர் வரவில்லை என்றால்? ஸ்கிரிப்ட் நின்றுவிடக் கூடாது. 'லாகர்' கட்டளையால் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, முகவரியையும் வழியையும் கொடுத்துவிட்டே முடியட்டும். நாளைக்கு யாராவது கேபிளைச் செருகினால் கணினி தானாகவே இணைந்துகொள்ளும்.

இந்த ஸ்கிரிப்ட்டை யார் அழைப்பது? பழக்கத்தில் எல்லோர் கையும் ஆர்சி.லோக்கல் கோப்புக்குப் போகும். ஓடும் அனுமதி இருந்தால் பல பதிப்புகளில் சிஸ்டம்டி அதை மதிக்கும். ஆனால் மற்றச் சேவைகளுக்கு முன்பே அது ஓடி முடியும் என்ற உறுதி இல்லை. அதற்குள் தரவுத்தளமும் இணையச் சேவையும் முகவரி தேடி ஓய்ந்திருக்கலாம். ஒரு சேவைக் கோப்பு எழுதுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. /எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம் அடைவில் நெட்-அப்.சர்வீஸ் என்று உருவாக்கி, முதல் பகுதியில் 'வான்ட்ஸ்', 'பிஃபோர்' இரண்டுக்கும் நெட்வொர்க்.டார்கெட் என்று கொடுங்கள். 'ஆஃப்டர்' வரியில் உங்கள் கார்டின் சாதனப் பெயர் வர வேண்டும், 'சிஸ்-சப்சிஸ்டம்-நெட்-டிவைசஸ்-ஈத்0.டிவைஸ்' என்று நீளமாக இருக்கும். அதே பெயரை 'பைண்ட்ஸ்டூ' வரியிலும் கொடுங்கள். சேவைப் பகுதியில் டைப் ஒன்ஷாட், ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட் யெஸ், எக்ஸெக்ஸ்டார்ட்டில் ஸ்கிரிப்ட்டின் முழுப் பாதை. கடைசிப் பகுதியில் வான்டட்பை மல்டி-யூசர்.டார்கெட். இந்தச் சொற்களில் பெரிய, சிறிய எழுத்து மாறினால் சிஸ்டம்டி ஏற்காது. ஏற்கெனவே உள்ள ஒரு சேவைக் கோப்பைத் திறந்து வைத்து, அதில் இருப்பதுபோலவே தட்டுங்கள். பிறகு 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', அதன் பின் 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள் நெட்-அப்'.

சுற்றுக்கு எல்லை வையுங்கள் என்று சொன்னது இங்கே பொருந்தும். ஒன்ஷாட் வகைச் சேவைக்கு, நீங்களாகக் குறிப்பிடாவிட்டால், தொடக்கக் கால வரம்பே கிடையாது. எல்லையில்லாத சுற்று என்றால் கேபிள் இல்லாத நாளில் துவக்கம் அங்கேயே நின்றுவிடும்.

நெட்வொர்க்.டார்கெட், நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது வெறும் வரிசை அடையாளம். அதன் பெரிய பயன் கணினி அணையும்போதுதான், மற்றச் சேவைகள் நின்ற பிறகே நெட்வொர்க் இறங்கும். இணைப்பு உண்மையிலேயே கிடைத்ததா என்று காத்திருப்பது இரண்டாவது. தொலைவட்டை இணைப்பது போன்ற வேலைகள் அதையே நம்ப வேண்டும்.

பெயர்த் தீர்வுக்கு, அதாவது தளத்தின் பெயரிலிருந்து ஐபி முகவரியைக் கண்டறிவதற்கு, அதிகம் சொல்ல வேண்டியதில்லை. /எட்சி/ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் நேம்சர்வர் வரிகள் மூன்று வரைதான் மதிக்கப்படும். அதில் 127.0.0.53 என்று இருந்தால் சிஸ்டம்டி-ரிசால்வ்டி ஆள்கிறது என்று பொருள், அதைக் கையால் திருத்தினால் அழிந்துபோகும்.

தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக இதையெல்லாம் செய்கிறீர்கள் என்றால் முதலில் 'ஷட்டவுன் -ஆர் +10' என்று தட்டிவிடுங்கள். பத்து நிமிடத்தில் கணினி மறுதுவக்கம் ஆகும். கோப்புகளைத் தொடாமல் கையால் மாற்றிப் பாருங்கள். இணைப்பு அறுந்துபோனால், மறுதுவக்கம் பழைய அமைப்பை மீட்டுத் தரும். எல்லாம் சரி என்றால் 'ஷட்டவுன் -சி' கொடுத்து நிறுத்திவிட்டு, அதன் பிறகே கோப்பில் எழுதுங்கள். வரிசையை மாற்றி முதலில் கோப்பைத் திருத்திவிட்டால் மறுதுவக்கம் தவறான அமைப்பையே மறுபடி ஏற்றும், பாதுகாப்பு எதுவும் மிஞ்சாது. உபுண்டுக்காரர்களுக்கு இந்தச் சுற்றுவழி வேண்டாம். 'நெட்பிளான் ட்ரை' கொடுத்தால், 120 நொடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் தானாகவே பழையபடி திருப்பிவிடும். ஐஎஃப்அப்டவுனில் கார்டை மறுபடி எழுப்ப வேண்டும் என்றால் ஐஎஃப்டவுன், ஐஎஃப்அப் இரண்டையும் நடுவில் அரைப்புள்ளி வைத்து ஒரே வரியில் தட்டுங்கள். முதலாவதை மட்டும் தட்டிவிட்டால், இரண்டாவதைத் தட்ட உங்களுக்கு முனையம் இருக்காது.

சோதனையை மறுதுவக்கத்தோடு நிறுத்தாதீர்கள். கேபிளைப் பிடுங்கிவிட்டுத் துவக்குங்கள், துவங்கி முடிந்த பிறகு செருகுங்கள். 'ஐபி -பிஆர் அட்ரஸ்', 'ஐபி ரூட்' இரண்டையும் பாருங்கள். பிறகு 'ஐபி லிங்க் செட் ஈத்0 டவுன்' கொடுத்து மறுபடி எழுப்புங்கள். ஐபிவி4 முகவரி அப்படியே இருக்கும், ஆனால் அந்தக் கார்டு வழியாக நீங்கள் சேர்த்த வழித்தடங்கள் காணாமல் போயிருக்கும். ஐபிவி6 என்றால் கையால் கொடுத்த முகவரியும் சேர்ந்து போயிருக்கும். இந்த இடத்தில் ஸ்கிரிப்ட்டை மறுபடி ஓட்டிப் பாருங்கள். பிழை எதுவும் காட்டாமல் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் அதை விட்டுவைக்கலாம். ஏதாவது முனகினால் 'ஜர்னல்சிடிஎல் -பி -யு நெட்-அப்' தட்டி, எந்த வரியில் என்று பார்த்துத் திருத்துங்கள்.